எஸ்எஸ்ஐஎஸ் பேக்கேஜின் கான்ஃபிகரேஷன் மதிப்புகளை நிரல் வழியாகப் படிப்பது எப்படி?

தரவுத்தச்சன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குழுவின் பொறுப்பில் எஸ்க்யூஎல் சர்வர் 2008 ஆர்2 பதிப்பில் ஓடும் 38 எஸ்எஸ்ஐஎஸ் (தரவை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் ஏற்றும் மைக்ரோசாஃப்ட் கருவி) பேக்கேஜுகள் இருக்கின்றன. அவற்றை எழுதியவர்களில் ஒருவர்கூட இப்போது எங்களுடன் இல்லை. பெரும்பாலானவை தங்களுடைய கனெக்ஷன் ஸ்ட்ரிங்குகளையும் (எந்தத் தரவுத்தளத்தோடு எப்படி இணைவது என்ற விவரம்) கோப்புறைப் பாதைகளையும் ஒரு எக்ஸ்எம்எல் கான்ஃபிகரேஷன் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதை ஒரு சூழல் மாறி (விண்டோஸில் ஒரு பெயருக்கு எதிரே வைக்கும் மதிப்பு) சொல்கிறது.

எனக்கு இரண்டு தேவைகள் உண்டு. முதலாவது, ஒரு பேக்கேஜின் ஸ்கிரிப்ட் டாஸ்க்குக்குள்ளிருந்து (பேக்கேஜில் நாமே நிரல் எழுதும் படி), வரவுக் கோப்புகள் வந்து விழும் கோப்புறையின் பாதையைக் கான்ஃபிகரேஷனிலிருந்து படிக்க வேண்டும். டிடிஎஸ் என்ற ஆப்ஜெக்ட்டில் மாறிகளும் கனெக்ஷன்களும் தெரிகின்றனவே தவிர, கான்ஃபிகரேஷன்ஸ் என்று எதுவும் தென்படவில்லை. இரண்டாவது, இந்த 38 பேக்கேஜுகளும் எதை எங்கிருந்து எடுக்கின்றன என்று பட்டியலிடும் ஒரு சிறிய கன்சோல் நிரலை சி ஷார்ப்பில் எழுத வேண்டும். இரண்டுக்கும் வழி ஒன்றுதானா, வேறு வேறா?

பழையகிணறு எழுதியது:

வழிகள் வேறு வேறு. முதல் தேவையை மட்டும் இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

கான்ஃபிகரேஷன் என்பதை, ஓடும் நேரத்தில் போய்க் கேட்டு வாங்கும் ஒரு பெட்டகம் என்று தாங்கள் நினைக்கிறீர்கள். டாட் நெட் நிரல்களில் ஆப் கான்ஃபிக் கோப்பைப் படித்துப் பழகியவர்கள் எல்லோருமே முதலில் அப்படித்தான் நினைப்பார்கள். எஸ்எஸ்ஐஎஸ்ஸில் அது அப்படி இயங்குவதில்லை. பேக்கேஜ் ஏற்றப்படும்போதே, கான்ஃபிகரேஷனில் உள்ள ஒவ்வொரு மதிப்பும் பேக்கேஜின் ஏதோ ஒரு ப்ராப்பர்ட்டியின்மேல் எழுதப்பட்டுவிடுகிறது. எழுதியதோடு அதன் வேலை முடிந்தது. ஸ்கிரிப்ட் டாஸ்க் ஓடத் தொடங்கும்போது அந்த மதிப்பு ஏற்கெனவே ஒரு மாறியிலோ கனெக்ஷன் மேனேஜரிலோ போய் உட்கார்ந்திருக்கும். ஆகவே தாங்கள் படிக்க வேண்டியது அந்த மாறியைத்தான்.

எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு பாதை எழுதப்பட்டிருக்கும். இங்கே எழுத்துகளை மட்டும் தமிழாக்கித் தருகிறேன்; தங்கள் திரையில் ஆங்கிலத்தில் இருக்கும்:

\பேக்கேஜ்.வேரியபிள்ஸ்[யூசர்::வரவுப்பாதை].ப்ராப்பர்ட்டீஸ்[வேல்யூ]

இந்தப் பேக்கேஜில் யூசர் என்ற பெயர்வெளியில் வரவுப்பாதை என்றொரு மாறி உண்டு, அதன் மதிப்பின்மேல் என்னை எழுது என்பதே இதன் பொருள். எனவே அப்படி ஒரு மாறியை உருவாக்கிக் கான்ஃபிகரேஷனில் சேருங்கள். பிறகு ஸ்கிரிப்ட் டாஸ்க்கின் எடிட்டரில், படிப்பதற்கு மட்டுமான மாறிகள் என்ற கட்டத்தில் அதன் பெயரைக் குறிப்பிடுங்கள். குறிப்பிடாமல் நிரலில் கேட்டால், அந்த மாறியே இல்லை என்று பிழை வரும். பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு என்பதையும் மறந்துவிடாதீர்கள். இந்த ஒன்றுக்காகவே நான் ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்திருக்கிறேன். மாறியின் மதிப்பு ஆப்ஜெக்ட் வகையாகத்தான் வரும் என்பதால், ஸ்ட்ரிங்காக மாற்றிக்கொண்டு பயன்படுத்துங்கள்.

மூன்றாம்ஷிஃப்ட் எழுதியது:

இதற்கு இவ்வளவு சுற்று எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. சூழல் மாறியின் மதிப்பை டாட் நெட்டின் என்விரான்மென்ட் கிளாஸ் மூலம் எடுத்து, அது காட்டும் எக்ஸ்எம்எல் கோப்பை ஸ்கிரிப்ட் டாஸ்க்குக்குள்ளேயே திறந்து, வேண்டிய மதிப்பைப் படித்துக்கொண்டு போய்விடலாமே. நான் பல ஆண்டுகளாக அப்படித்தான் செய்துவருகிறேன். புதிதாக ஓர் அமைப்பு தேவைப்பட்டால் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். பேக்கேஜில் மாறி சேர்த்து, மறுபடியும் டெப்ளாய் செய்யும் அலைச்சல் இல்லை.

பழையகிணறு எழுதியது:

ஓடும், மறுக்கவில்லை. ஆனால் அப்படிச் செய்தால் ஒரே பேக்கேஜில் ஒரே மதிப்பைப் படிப்பவர்கள் இருவர் ஆகிவிடுகிறார்கள். இருவரும் ஒரே விடையைச் சொல்வார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒரு பேக்கேஜில் பல கான்ஃபிகரேஷன்கள் வரிசையாக இருக்கலாம். இரண்டு கான்ஃபிகரேஷன்கள் ஒரே ப்ராப்பர்ட்டியைத் தொட்டால் பட்டியலில் கீழே இருப்பதே நிலைக்கும். தாங்கள் திறக்கும் கோப்பு முதல் வரிசையில் இருந்து, இரண்டாம் வரிசையில் உள்ள எஸ்க்யூஎல் சர்வர் அட்டவணை அதே மாறியை மாற்றியிருந்தால், பேக்கேஜின் மற்ற டாஸ்க்குகள் ஒரு கோப்புறையிலும் தங்கள் ஸ்கிரிப்ட் வேறொரு கோப்புறையிலும் தேடிக்கொண்டிருக்கும்.

எக்ஸ்பிரஷன்களின், அதாவது மதிப்பைக் கணக்கிட்டுத் தரும் சூத்திரங்களின், கதை இன்னும் மோசம். மாறியை எக்ஸ்பிரஷனாக மதிப்பிடு என்ற ப்ராப்பர்ட்டி இயக்கப்பட்டிருந்தால், கான்ஃபிகரேஷன் எழுதிய மதிப்பு இருந்தும் பயனில்லை. படிக்கும்போதெல்லாம் எக்ஸ்பிரஷன் தரும் மதிப்பே வரும். கனெக்ஷன் ஸ்ட்ரிங்கின்மேல் எக்ஸ்பிரஷன் வைத்திருந்தாலும் இதே நிலைதான். இவற்றில் எதுவுமே எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்து பார்ப்பவருக்குத் தெரியாது. மாறியைப் படிப்பவருக்கு, ஓடிக்கொண்டிருக்கும் பேக்கேஜ் உண்மையில் எதைப் பயன்படுத்துகிறதோ அது கிடைக்கும்.

மூன்றாம்ஷிஃப்ட் எழுதியது:

வரிசையைப் பற்றிச் சொன்னது சரி. எங்களிடம் எப்போதும் ஒரே கோப்பு, ஒரே கான்ஃபிகரேஷன் என்பதால் எனக்கு அந்தச் சிக்கல் வந்ததில்லை. ஆனாலும் பேக்கேஜின் எந்த ப்ராப்பர்ட்டியோடும் தொடர்பில்லாத, ஸ்கிரிப்டுக்கு மட்டுமே உரிய அமைப்புகளுக்குத் தனிக் கோப்போ தனி அட்டவணையோ வைத்துக்கொள்வதில் தவறில்லை என்றே இன்னமும் கருதுகிறேன்.

தரவுத்தச்சன் எழுதியது:

இருவருக்கும் நன்றி. கிணற்றார் சொன்னபடி மாறியைச் சேர்த்தேன். பிசினஸ் இன்டெலிஜென்ஸ் டெவலப்மென்ட் ஸ்டூடியோவில் ஓட்டியபோது சரியான பாதை வந்தது. சர்வருக்குக் கொண்டுபோய், ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்து, கட்டளைச் சாளரத்தில், பேக்கேஜுகளை ஓட்டும் கருவியான டிடிஎக்ஸெக் மூலம் ஓட்டினேன். அப்போதும் சரியாகவே வந்தது. அதே பேக்கேஜை அதே சர்வரில், வேலைகளைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் எஸ்க்யூஎல் சர்வர் ஏஜென்ட்டின் ஜாப் வழியாக ஓட்டினால் மட்டும், நான் வடிவமைக்கும்போது மாறியில் இட்டு வைத்திருந்த சோதனைக் கோப்புறையின் பாதை வருகிறது. ஜாப் பச்சை நிறத்தில் வெற்றிகரமாக முடிந்ததாகக் காட்டுகிறது. சோதனைக் கோப்புறை காலியாக இருந்ததால் எந்தக் கோப்பும் ஏறவில்லை. அதையும் வெற்றி என்றே கணக்கிட்டுவிட்டது. காலையில் கணக்குப் பிரிவிலிருந்து தொலைபேசி வந்த பிறகே எங்களுக்கு விஷயம் தெரிந்தது.

பழையகிணறு எழுதியது:

இந்த வசதியில் எனக்குள்ள தீராத மனக்குறை இதுதான். கான்ஃபிகரேஷன் கிடைக்கவில்லை என்றால் எஸ்எஸ்ஐஎஸ் அதைப் பிழையாகக் கருதுவதில்லை; ஓர் எச்சரிக்கையை மட்டும் எழுதிவிட்டு, வடிவமைப்பின்போது பேக்கேஜுக்குள் சேமிக்கப்பட்ட மதிப்புகளோடு ஓடத் தொடங்கிவிடுகிறது. உப்பு கிடைக்கவில்லை என்றால் சமையலை நிறுத்தாமல் சர்க்கரையைப் போட்டு இறக்கி வைக்கும் சமையல்காரர் போன்றது இது. அந்த எச்சரிக்கையையும் மறைப்பதற்கென்று பேக்கேஜில் தனியாக ஒரு ப்ராப்பர்ட்டி வேறு இருக்கிறது. அதை யாராவது இயக்கி வைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

தங்கள் கணக்கில் சரியாகவும் ஏஜென்ட்டின் கணக்கில் தவறாகவும் வருகிறது என்றால் காரணம் அநேகமாக மூன்றில் ஒன்று. சூழல் மாறியை அமைத்த பிறகு ஏஜென்ட் சர்வீஸை மறுபடியும் தொடங்காமல் இருக்கலாம். ஒரு பிராசஸ் தொடங்கும்போது எந்தச் சூழல் மாறிகளைப் பெற்றதோ அவற்றையே கடைசிவரை வைத்துக்கொண்டிருக்கும், ஏஜென்ட் தொடங்கும் ஜாப்களும் அதனிடமிருந்தே பெறும். அல்லது, ஏஜென்ட் ஓடும் கணக்குக்கு அந்த எக்ஸ்எம்எல் கோப்பைப் படிக்கும் அனுமதி இல்லாமல் இருக்கலாம். அல்லது, சூழல் மாறியைத் தங்கள் கணக்குக்கு மட்டும் உரியதாக அமைத்திருக்கலாம். தங்களில் எவராவது ரெஜிஸ்ட்ரி வகைக் கான்ஃபிகரேஷன் வைத்திருந்தால் அதிலும் இதே பொறி உண்டு: அது நடப்புப் பயனரின் கிளையிலிருந்தே படிக்கிறது; ஏஜென்ட்டின் நடப்புப் பயனர் நீங்கள் அல்லர்.

தரவுத்தச்சன் எழுதியது:

மதிய இடைவேளையில் அனுமதி வாங்கி ஏஜென்ட் சர்வீஸை மறுபடியும் தொடங்கினேன், பயனில்லை. கோப்புக்கான அனுமதியும் சரியாகவே இருந்தது. பிறகு சர்வரில் சூழல் மாறிகளின் சாளரத்தைத் திறந்து பார்த்தால், மேலே பயனர் மாறிகள், கீழே சிஸ்டம் மாறிகள் என்று இரண்டு கட்டங்கள். நான் சேர்த்த பெயர் மேல் கட்டத்தில் இருந்தது. அதை அங்கிருந்து நீக்கி, கீழ் கட்டத்தில் சேர்த்து, சர்வீஸை இன்னொரு முறை தொடங்கிய பிறகு ஜாப் சரியான பாதையைப் படிக்கிறது. ஆக, தாங்கள் சொன்ன முதல் காரணமும் மூன்றாம் காரணமும் சேர்ந்தே இருந்திருக்கின்றன.

இனிமேல் இது மறுபடி நிகழாமல் இருக்க, மாறியின் வடிவமைப்பு மதிப்பாக உண்மையான ஒரு கோப்புறையை இட்டு வைக்காமல், எந்த இயந்திரத்திலும் இருக்க முடியாத ஒரு பாதையை இட்டிருக்கிறேன். கான்ஃபிகரேஷன் வராவிட்டால் ஜாப் அங்கேயே விழும்.

இப்போது என் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். 38 பேக்கேஜுகளையும் பட்டியலிடும் நிரலை எங்கிருந்து தொடங்குவது?

பழையகிணறு எழுதியது:

இருக்க முடியாத பாதையை இட்டது நல்ல யோசனை. நானும் இனி அப்படியே செய்யப் போகிறேன்.

பட்டியலிடுவதற்கு, பேக்கேஜுக்கு வெளியே நின்று அதை ஏற்றிப் பார்க்க வேண்டும். மேனேஜ்டு டிடிஎஸ் என்ற அசெம்பிளியைத் தங்கள் ப்ராஜெக்ட்டில் சேருங்கள். 2008, 2008 ஆர்2 இரண்டுக்கும் அது 10.0 பதிப்பு, எஸ்எஸ்ஐஎஸ் நிறுவப்பட்ட இயந்திரத்தில்தான் இந்த நிரலை ஓட்ட வேண்டும். அதில் அப்ளிகேஷன் என்ற கிளாஸ் உண்டு. அதன் லோட்பேக்கேஜ் மெத்தடுக்குக் கோப்பின் பாதையைக் கொடுத்தால் பேக்கேஜ் ஆப்ஜெக்ட் கிடைக்கும். பேக்கேஜ் கடவுச்சொல்லால் மூடப்பட்டிருந்தால், ஏற்றும் முன் அப்ளிகேஷனின் பேக்கேஜ்பாஸ்வேர்டு ப்ராப்பர்ட்டியில் அதைத் தந்துவிடுங்கள்.

அந்த ஆப்ஜெக்ட்டில்தான் தாங்கள் தேடிய கான்ஃபிகரேஷன்ஸ் என்ற தொகுப்பு இருக்கிறது. ஒவ்வொரு கான்ஃபிகரேஷனிலும் தங்களுக்கு வேண்டியவை மூன்று: வகை, கான்ஃபிகரேஷன்ஸ்ட்ரிங், பேக்கேஜ்பாத். இந்த மூன்றின் பொருளும் வகைக்கு வகை மாறுவதுதான் இடறும் இடம். நேரடி எக்ஸ்எம்எல் வகையில் கான்ஃபிகரேஷன்ஸ்ட்ரிங் என்பது கோப்பின் பாதை. மறைமுக எக்ஸ்எம்எல் வகையில், அதாவது தங்களுடையதில், அது சூழல் மாறியின் பெயர். அந்த மாறிக்குள் பாதை இருக்கும். எஸ்க்யூஎல் சர்வர் வகையில் அது மேற்கோள் குறிகளுக்குள் அரைப்புள்ளியால் பிரிக்கப்பட்ட மூன்று துண்டுகள்: கனெக்ஷன் மேனேஜரின் பெயர், அட்டவணையின் பெயர், ஃபில்டரின் பெயர். பெற்றோர் பேக்கேஜ் மாறி வகையில் அது பெற்றோரிடம், அதாவது இந்தப் பேக்கேஜை அழைத்து ஓட்டும் பேக்கேஜிடம், உள்ள மாறியின் பெயர்.

சூழல் மாறி, பெற்றோர் மாறி போன்ற, ஒரே ஒரு ப்ராப்பர்ட்டியைத் தொடும் வகைகளில் பேக்கேஜ்பாத் நிரம்பியிருக்கும். எக்ஸ்எம்எல் வகையும் எஸ்க்யூஎல் சர்வர் வகையும் ஒரே கான்ஃபிகரேஷனில் பல ப்ராப்பர்ட்டிகளைத் தொடக்கூடியவை என்பதால், எவை தொடப்படுகின்றன என்ற விவரம் பேக்கேஜுக்குள் இருக்காது. அதற்குக் கோப்பையோ அட்டவணையையோ தாங்களே திறந்து படிக்க வேண்டும். மூன்றாம்ஷிஃப்ட் நண்பர் சொன்ன எக்ஸ்எம்எல் வாசிப்புக்குச் சரியான இடம் இதுதான்.

அட்டவணையைப் பற்றி ஒரு வார்த்தை. விஸார்டு தானாக உருவாக்கும் எஸ்எஸ்ஐஎஸ் கான்ஃபிகரேஷன்ஸ் அட்டவணையில், மதிப்பை வைக்கும் பத்தியின் நீளம் 255 எழுத்துகள் மட்டுமே. கனெக்ஷன் ஸ்ட்ரிங் நீளமாக இருந்தால் அதற்குள் அடங்காது. பத்தியை முன்பே அகலப்படுத்திக்கொள்வது நல்லது.

இன்னொன்று. பேக்கேஜைத் தங்கள் நிரல் ஏற்றும்போதே கான்ஃபிகரேஷன்களும் செயல்பட்டுவிடும். அதுவும் தங்கள் இயந்திரத்தின் சூழல் மாறிகளை வைத்து. தங்கள் மேசைக் கணினியில் ஓட்டிவிட்டு, தயாரிப்புச் சர்வரில் இதுதான் மதிப்பு என்று அறிக்கை கொடுத்துவிடாதீர்கள். ஏற்றும்போது எழும் எச்சரிக்கைகளையும் கைப்பற்ற வேண்டும்: டிஃபால்ட்இவென்ட்ஸ் கிளாஸிலிருந்து ஒரு கிளாஸ் எழுதி, அதன் ஆன்வார்னிங் மெத்தடை மாற்றி எழுதி, லோட்பேக்கேஜின் இரண்டாம் அளவுருவாகக் கொடுங்கள். எந்தப் பேக்கேஜ் தன் கான்ஃபிகரேஷனைக் காணாமல் தவிக்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.

மூன்றாம்ஷிஃப்ட் எழுதியது:

ஒரு துணைக் கேள்வி. நிரலிலிருந்தே பேக்கேஜை ஓட்டும்போது, கான்ஃபிகரேஷன் தந்த மதிப்பை ஒரே ஒரு முறைக்கு மட்டும் மாற்றி ஓட்ட முடியுமா? டிடிஎக்ஸெக்கில் வேறு ஒரு கான்ஃபிக் கோப்பைக் கொடுத்துப் பார்த்தேன். அதை மதிக்கவே இல்லை.

பழையகிணறு எழுதியது:

டிடிஎக்ஸெக் மதிக்காததற்குக் காரணம் வரிசை. 2008 பதிப்பிலிருந்து அது முதலில் வடிவமைப்பில் சொல்லப்பட்ட கான்ஃபிகரேஷன்களைச் செயல்படுத்துகிறது, பிறகு கட்டளை வரியில் கொடுத்தவற்றைச் செயல்படுத்துகிறது, அதன் பிறகு வடிவமைப்புக் கான்ஃபிகரேஷன்களை மறுபடியும் ஏற்றிச் செயல்படுத்துகிறது. எனவே வடிவமைப்பில் ஏற்கெனவே குறிப்பிடப்பட்ட ஒரு மதிப்பை, கட்டளை வரியில் வேறு கான்ஃபிக் கோப்பு கொடுத்து மாற்ற இயலாது. 2005இல் இந்த இரண்டாம் சுற்று கிடையாது. ஆகவே பழைய ஜாப்களை 2005இலிருந்து நகர்த்தியவர்கள் இதில் நிறையவே அவதிப்பட்டார்கள்.

நிரலில் இந்தத் தொல்லை இல்லை. லோட்பேக்கேஜ் முடிந்த கணத்தில் கான்ஃபிகரேஷன்கள் எழுதி முடித்திருக்கும். அதற்குப் பிறகு பேக்கேஜின் வேரியபிள்ஸ் தொகுப்பில் தாங்கள் இடும் மதிப்பு நிலைக்கும். பிறகு எக்ஸிக்யூட் மெத்தடை அழைக்கலாம். பெற்றோர் பேக்கேஜ் மாறி வகை மட்டும் விதிவிலக்கு, அது ஏற்றும்போது அன்றி ஓடும்போதே செயல்படுகிறது. எக்ஸ்பிரஷன் வைத்த ப்ராப்பர்ட்டிகளுக்கு முன்பு சொன்ன எச்சரிக்கை இங்கும் பொருந்தும்.

கேட்டலாக்வாசி எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 2008 ஆர்2 பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் தந்த நீட்டிப்பு ஆதரவே 2019 ஜூலை 9 அன்று முடிந்துவிட்டது. 2012இல் ப்ராஜெக்ட் டெப்ளாய்மென்ட் மாடல் வந்த பிறகு, இங்கே பேசப்படும் பாதிச் சிக்கல்கள் இல்லாமலே போய்விட்டன. கான்ஃபிகரேஷன்களுக்குப் பதில் பாராமீட்டர்கள், எக்ஸ்எம்எல் கோப்புக்குப் பதில், கேட்டலாக் எனப்படும் எஸ்எஸ்ஐஎஸ்டிபி தரவுத்தளத்தில் என்விரான்மென்ட்டுகள் (பாராமீட்டர்களுக்கான மதிப்புகளின் தொகுப்புகள்). நிரலிலிருந்து ஓட்டுவதற்குக் கிரியேட் எக்ஸிக்யூஷன், செட் எக்ஸிக்யூஷன் பாராமீட்டர் வேல்யூ, ஸ்டார்ட் எக்ஸிக்யூஷன் என்ற மூன்று ஸ்டோர்டு ப்ரொசீஜர்கள் போதும். இரண்டாவதில் ஆப்ஜெக்ட் வகை என்ற எண் உண்டு: ப்ராஜெக்ட் பாராமீட்டருக்கு 20, பேக்கேஜ் பாராமீட்டருக்கு 30, லாக் அளவு போன்ற ஓட்டத்துக்குரிய அமைப்புகளுக்கு 50. ஓடி முடியும்வரை காத்திருக்க வேண்டுமானால், அந்த 50ஆம் வகையில் சிங்க்ரனைஸ்டு என்பதை 1 ஆக்க வேண்டும். இல்லையேல் ஸ்டார்ட் எக்ஸிக்யூஷன் உடனே திரும்பிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு. ஒவ்வொரு ஓட்டத்திலும் எந்தப் பாராமீட்டருக்கு எந்த மதிப்பு கிடைத்தது என்பதை எக்ஸிக்யூஷன் பாராமீட்டர் வேல்யூஸ் என்ற வியூவில் பின்னர் பார்க்க முடியும். தச்சருக்கு நேர்ந்தது போல, காலையில் தொலைபேசி வந்த பிறகு துப்பறிய வேண்டியதில்லை.

பழையகிணறு எழுதியது:

கேட்டலாக்கின் பெருமையை மறுக்க மாட்டேன். அந்த வியூ ஒன்றுக்காகவே மாறலாம். ஆனால் அங்கும் தடுக்கி விழும் படிகள் உண்டு. கிரியேட் எக்ஸிக்யூஷனை அழைக்கும்போது என்விரான்மென்ட் ரெஃபரன்ஸின் எண்ணைக் கொடுக்க மறந்தால், ப்ராஜெக்ட்டோடு என்விரான்மென்ட்டை இணைத்து வைத்திருந்தாலும் அது சேராது. நல்லவேளையாக, என்விரான்மென்ட்டை நம்பியிருக்கும் பாராமீட்டர் இருந்தால் இங்கே பிழையே வருகிறது, வெறும் எச்சரிக்கை அல்ல. ரகசியம் என்று குறிக்கப்பட்ட பாராமீட்டரை ஸ்கிரிப்ட் டாஸ்க்கில் வழக்கம்போல் வேல்யூ என்று கேட்டாலும் பிழைதான். கெட்சென்சிட்டிவ்வேல்யூ என்ற மெத்தடை அழைக்க வேண்டும். அப்படி எடுத்த கடவுச்சொல்லை லாக்கில் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்வது எழுதுபவரின் பொறுப்பு. மேலும், ஓடும் நேரத்தில் பாராமீட்டரை ஸ்கிரிப்ட் மாற்ற முடியாது. மாற வேண்டியதை மாறியில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

தரவுத்தச்சன் எழுதியது:

கேட்டலாக்வாசிக்கு: பதிப்பை மாற்றும் முடிவு வாடிக்கையாளருடையது. இந்தப் பட்டியலே அதற்கான முதல் படியாகத்தான் கேட்கப்பட்டிருக்கிறது. பேக்கேஜ் கான்ஃபிகரேஷன்களைப் பாராமீட்டர்களாக மாற்றித் தரும் கன்வெர்ஷன் விஸார்டு இருப்பது தெரியும். என்ன இருக்கிறது என்றே தெரியாமல் அதை இயக்கப் பயமாக இருந்தது.

நேற்று நிரலை எழுதி, தயாரிப்புச் சர்வரிலேயே ஓட்டினேன். 38இல் 31 பேக்கேஜுகள் மறைமுக எக்ஸ்எம்எல். நான்கு பேக்கேஜுகள் எஸ்க்யூஎல் சர்வர் அட்டவணையைப் பயன்படுத்துகின்றன; அது எங்கள் குழுவில் எவருக்குமே தெரியாது. மீதி மூன்றில்தான் எனக்குத் தூக்கம் போயிற்று. அவற்றில் கான்ஃபிகரேஷன் பட்டியல் இருக்கிறது, கோப்பும் இருக்கிறது, ஆனால் எனேபிள்கான்ஃபிகரேஷன்ஸ் என்ற ப்ராப்பர்ட்டி அணைக்கப்பட்டிருக்கிறது. அணைத்தே இருப்பதால் எச்சரிக்கைகூட எழவில்லை. மூன்றும் பேக்கேஜுக்குள்ளே சேமிக்கப்பட்ட கனெக்ஷன் ஸ்ட்ரிங்கோடுதான் இத்தனை நாளும் ஓடியிருக்கின்றன. அந்த ஸ்ட்ரிங் தற்செயலாகச் சரியான சர்வரையே காட்டிக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. அந்தச் சர்வரைத்தான் அடுத்த மாதம் பெயர் மாற்றப் போகிறார்கள்.

பழையகிணறு எழுதியது:

அந்த மூன்றையும் இயக்குவதற்கு முன், அவற்றின் எக்ஸ்எம்எல் கோப்பில் உள்ள கனெக்ஷன் ஸ்ட்ரிங்கில் கடவுச்சொல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். விஸார்டு கோப்பை எழுதும்போது கடவுச்சொல்லை விட்டுவிடும். பிறகு யாராவது கையால் சேர்த்திருக்க வேண்டும். யாரோ ஒருவர் சேர்க்க மறந்து, ஜாப் விழுந்து, அவசரத்தில் கான்ஃபிகரேஷனையே அணைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

தரவுத்தச்சன் எழுதியது:

பார்த்தேன். மூன்று கோப்புகளிலும் பயனர் பெயர் இருக்கிறது, கடவுச்சொல் இல்லை.